மீன் எண்ணெய் பூசிய கார்

மீன் எண்ணெய் கருகும்போது ஒரு வாடை வரும். கருவாட்டு வாடை வேறு, அழுகிய மீனின் வாடை வேறு. இது தொண்டைக்குள் இறங்கி ஒட்டிக்கொள்ளும், தண்ணீர் குடித்தாலும் போகாது. தூத்துக்குடியில் இருக்கிறவர்களுக்கு மீன் வாடை ஒரு வாடையே இல்லை. மூக்கைப் பொத்திக்கொண்டு நடப்பவனைப் பார்த்தால் வெளியூர்க்காரன் என்று சொல்லிவிடலாம். நானும் அந்த ஊரில் வேலை பார்த்துப் பழகியவள்தான். ஆனாலும் அந்தக் கருகல் வாடை மட்டும் எங்கிருந்தாவது வந்துவிட்டால், இந்த வயதிலும் என் வலது கால் தரையை ஓங்கி அழுத்துகிறது, பிரேக்கை மிதிப்பதுபோல. எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஒரு நாளும் ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை.

அதைத் தொட்டவள் என் அக்கா. அதுவும் ஒரே ஒரு தடவை.

சண்டை முடிந்து, வெள்ளைக்காரத் துரைமார் மூட்டை முடிச்சோடு கப்பலேறிக்கொண்டிருந்த காலம். போகிறவர்கள் நாயையும் பியானோவையும் யாருக்காவது கொடுத்தார்கள். கார்களையும் கொடுத்தார்கள். அப்படித்தான் எங்கள் அத்தானுக்கு ஒரு ரேஸ் கார் வந்து சேர்ந்தது. இரண்டே பேர் உட்காரலாம். மேலே கூரை கிடையாது, மழை வந்தால் இழுத்து மூட ஒரு கித்தான் துணி. உட்கார்ந்தால் ரோட்டிலேயே உட்கார்ந்ததுபோல இருக்கும், கையைத் தொங்கவிட்டால் தார் தட்டும். அத்தானுக்குத் துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீசில் பெரிய வேலை. அமைதியான மனுஷன், ஞாயிற்றுக்கிழமை கோயில் ஆராதனையில் பாட்டுப் பாடும்போதுகூடக் குரல் எழும்பாது. அந்தக் காரில் ஏறிவிட்டால் மட்டும் வேறு ஆள்.

நான் அப்போது நாசரேத்தில் படிப்பை முடித்துவிட்டு, தூத்துக்குடியில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் டீச்சராகச் சேர்ந்து, அக்கா வீட்டில் தங்கியிருந்தேன். அதே மாதிரிக் கார் ஊரில் இன்னும் இரண்டு பேரிடம் இருந்தது. ஒருவர் டாக்டர். இன்னொருவர் உப்பளம் வைத்திருந்த அண்ணாச்சி. அண்ணாச்சியின் தொந்திக்கும் அந்தக் காருக்கும் ஒத்தே போகாது, இறங்கும்போது இரண்டு ஆள் கைகொடுக்க வேண்டும். சனிக்கிழமை சாயங்காலமானால் மூன்று கார்களும் எங்கள் வீட்டு முற்றத்தில் வேப்பமரத்தடியில் வந்து நிற்கும். மூன்று பேரும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பேச உட்கார்ந்துவிடுவார்கள். ஊரில் சுதந்திரம், பஞ்சம், ரேஷன் என்று எவ்வளவோ பேச்சு இருந்தது. இவர்களுக்கு அது ஒன்றும் கிடையாது. பிளக்கில் கரி பிடிப்பதைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவார்கள். ரேடியேட்டருக்குக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றலாமா, ஆற்றுத் தண்ணீர்தான் ஊற்ற வேண்டுமா என்று இன்னொரு மணி நேரம். ரேஷன் பெட்ரோலைச் சேர்த்துச் சேர்த்து வைத்து விளாத்திகுளம் வரை போய் வந்த கதை, குற்றாலத்துக்குப் போன கதை. ஒவ்வொரு கதையிலும் யாராவது ஒருவர் சாகப் போய்ப் பிழைத்து வந்திருப்பார், மற்ற இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள்.

அக்கா முன்னறை ஜன்னலுக்கு உள்பக்கம் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பாள். கையில் ஏதாவது தையல் இருக்கும், ஊசி நகராது. பயம். அந்தக் கார் வந்த நாளிலிருந்து அவளுக்கு அதைக் கண்டால் பயம். அத்தான் ஆபீசிலிருந்து வரும் நேரம் கொஞ்சம் தாண்டினாலே கேட்டுக்கும் வீட்டுக்குமாக நடப்பாள். தூரத்தில் ஹாரன் கேட்டால்தான் உள்ளே வந்து அடுப்பைப் பற்றவைப்பாள். முதல் பிள்ளை வயிற்றிலேயே போன பிறகு அந்தப் பயம் இரண்டு மடங்காகியிருந்தது. இப்போது மறுபடியும் முழுகாமல் இருந்தாள், எட்டாம் மாசம். "ஏன்க்கா, கேட்டாத்தான பயம் வருது, உள்ள போய் இரேன்" என்றால், "கேக்காம இருந்தா அதவிடப் பயமா இருக்கு, பிள்ள" என்பாள். எனக்கு அது அப்போது பைத்தியக்காரத்தனமாகத்தான் பட்டது.

கார்க்காரர்களின் பெரிய எதிரி உப்புக் காற்று. கடலோர ஊரில் இரும்பு என்று ஒன்று வாழாது. ராத்திரி துடைத்து வைத்த கார் காலையில் பிசுபிசுத்துக் கிடக்கும். அடிப்பாகம் செதில் செதிலாக உதிரும். அண்ணாச்சியின் காருக்கு அடித்தகடு ஓட்டை விழுந்து, உட்கார்ந்தபடியே ரோடு தெரியும். அதற்கு என்ன வழி என்று மூவரும் மாதக்கணக்காக மண்டையை உடைத்துக்கொண்டார்கள். கடைசியில் அண்ணாச்சிதான் வழி கண்டுபிடித்தார். "ஏம்பா, நம்ம தோணியெல்லாம் வருசம் பூரா உப்புத் தண்ணியிலதான கெடக்கு, அது என்ன அழுவியா போச்சு? மீன் எண்ணெய் பூசுதான்லா. காருக்கும் பூசுவோம்" என்றார். டாக்டர் சிரித்தார். அத்தான் சிரிக்கவில்லை, யோசித்தார். கப்பல், தோணி என்றே புழங்குகிறவருக்கு அது ரொம்ப நியாயமாகப் பட்டிருக்கும்.

அக்காவைப் பேறுகாலத்துக்கு நாசரேத்துக்கு அம்மாவிடம் கொண்டுபோய் விட வேண்டும். வாடகைக்குப் பெரிய கார் பிடித்து வரச்சொல்லி அம்மா ஆள் மேல் ஆள் அனுப்பினாள். அத்தானுக்கு ரோஷம் வந்துவிட்டது. "எங்கிட்ட கார் இருக்கும்போது எம்பொண்டாட்டி வாடகைக் கார்ல போகணுமா?" என்று கேட்டுவிட்டு, புறப்படுவதற்கு முந்தின நாள் காரைத் தோணித்துறைக்கே ஓட்டிப்போனார். அங்கே தோணிக்கு எண்ணெய் பூசுகிறவர்கள் காரை இரண்டு கட்டைமேல் ஏற்றி, மட்டையில் துணி சுற்றி, எண்ணெயில் முக்கி முக்கிப் பூசியிருக்கிறார்கள். தோணிக்குப் பூசுகிறவர்கள் ஓர் இடம் விடமாட்டார்கள். விரல் அகலம் விட்டுப்போனாலும் அங்கேதான் தண்ணீர் ஏறும், அதுதான் அவர்கள் பழக்கம். சக்கரத்துக்கு உள்பக்கம், பிரேக் டிரம்மின் இடுக்கு, எல்லாம் குளிரக் குளிரப் பூசி அனுப்பினார்கள். காரில் எண்ணெய் படவே கூடாத ஓர் இடம் உண்டு என்பது பூசினவர்களுக்கும் தெரியாது, கூடவே நின்று "அங்கன விட்டுப்போச்சு, இங்கன விட்டுப்போச்சு" என்று காட்டிக்கொடுத்த எங்கள் அத்தானுக்கும் தோன்றவில்லை. சனிக்கிழமைகளில் எத்தனை பேச்சுப் பேசினார்கள், இதை மட்டும் ஒருவரும் பேசவில்லை.

மறுநாள் காலையில் அத்தானும் அக்காவும் முன்னால் போனார்கள். பின்னால் டாக்டரின் காரில் நான். அக்கா ஏறும்போது என் கையைப் பிடித்தாள். "கண்ணு மறையாம பின்னாலேயே வாங்க, டாக்டர்ட்ட சொல்லு" என்றாள். சொன்னேன். டாக்டர், "உங்க அக்கா இன்னும் மாறவே இல்ல" என்று சிரித்தார்.

முக்காணி ஆற்றுப் பாலத்தில் ஒரு மாட்டு வண்டிக்காக அத்தான் வேகத்தைக் குறைத்தபோதுதான் அந்த வாடை முதலில் வந்தது. ஆத்தூர் தாண்டி, வெற்றிலைக் கொடிக்காலும் வாழையுமாகப் பச்சைப் பசேலென்று இருக்கிற இடத்திலும் வந்தது. முன்காரில் அக்கா கேட்டாளாம், கடலை விட்டு இவ்வளவு தூரம் வந்த பிறகும் மீன் வாடை வருகிறதே என்று. "இது தூத்துக்குடி காருலா, ஏளா. ஊரு வாட கூடவே வரத்தான செய்யும்" என்றாராம் அத்தான். நியாயம்தானே, மீன் வாடையை ஆபத்து என்று எங்கள் பக்கம் யார் நினைப்பார்கள்?

குரும்பூர் தாண்டினால் பனங்காடு. தேரி என்கிற செம்மணல் மேடு ரோட்டோரம் வரை வந்து கிடக்கும். ரோடு மெள்ளச் சரிந்து இறங்கி ஒரு ரயில் கேட்டில் போய் முடியும். கேட் சாத்தியிருந்தது. பனைகளுக்கு மேலே புகை நகர்ந்து வருவது எனக்குத் தெரிந்தது. டாக்டர் கியரைக் குறைத்தார். முன்னால் போன கார் குறையவில்லை.

"என்ன இவன், கேட்டப் பாக்கலையா?" என்றார் டாக்டர். அடுத்த நொடியே ஹாரனை அழுத்தினார், விடாமல் அழுத்தினார். அத்தானின் முதுகு எழும்பி எழும்பி உட்காருவதைப் பார்த்தேன். பிரேக்கை மிதிக்கிறார், மிதிக்கிறார், கார் தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. அந்த வாடை இப்போது புகையாகவே எங்கள் முகத்தில் அடித்தது. ரயில் கூவியது. "ஆண்டவரே, ஆண்டவரே" என்று முணுமுணுத்தேன். அக்காவின் தலைமுடி காற்றில் அவிழ்ந்து பறந்ததை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கார் சட்டென்று இடப்பக்கம் திரும்பியது. ரோட்டைவிட்டு இறங்கித் தேரிக்குள் பாய்ந்தது. செம்மண் ஆள் உயரத்துக்கு எழும்பி இரண்டு பேரையும் மறைத்துவிட்டது. அந்தப் புழுதி அடங்குவதற்குள் ரயில் கேட்டைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது.

ஓடினோம். கார் மூக்கு புதைந்து சாய்ந்து நின்றது. அத்தான் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முன்னால் பார்த்துக்கொண்டே இருந்தார், எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. அக்கா இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தாள். உடம்பெல்லாம் செம்மண், கண் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. ஒரு காயம் இல்லை. "பிள்ள அசையல" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

பனைநிழலில் அவளைப் படுக்கவைத்து டாக்டர் குழலை வைத்துக் கேட்டார். அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இடத்தை மாற்றி வைத்தார், மறுபடியும் மாற்றினார். பிறகு "துடிப்பு இருக்கும்மா, நல்லாக் கேக்கு" என்றார். அக்கா நம்பவில்லை. "நீங்க என்னத் தேத்துறதுக்குச் சொல்லுதீய" என்றாள். அதற்கு மேல் எந்தக் காரிலும் ஏறமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். கேட்கீப்பர் ஒரு மாட்டுவண்டி பிடித்துக் கொடுத்தார். வைக்கோல் பரப்பிப் படுக்கவைத்து, நான் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். அத்தான் வண்டியில் ஏறவில்லை. சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நாசரேத் வரைக்கும் கூடவே நடந்தார். வெயிலில் செருப்பில்லாமல் நடந்தார், செருப்பு எங்கே போயிற்று என்று அவருக்கே தெரியவில்லை. வழி நெடுக "அசையுதா, ஏளா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். அவள் தலையை ஆட்டி இல்லையென்பாள். கொஞ்ச தூரம் போனதும் மறுபடியும் கேட்பார். அந்த வழிபோல ஒரு நீளமான வழியை நான் கண்டதில்லை.

ஊருக்குள் நுழையும்போது கோயில் கோபுரம் தெரிந்தது. அக்கா திடீரென்று என் கையை எடுத்துத் தன் வயிற்றில் வைத்தாள். உள்ளே ஓர் உதை. நல்ல உதை. நான்தான் அழுதேன், அவள் அழவில்லை. வெளியே அத்தான் சக்கரத்தோடு சேர்ந்து நடந்துகொண்டே, சட்டையை இழுத்து முகத்தைத் துடைத்தார்.

காருக்குள் என்ன நடந்தது என்பதை அத்தான் என்னிடம் ஒரே ஒரு முறை சொன்னார். பிரேக் பிடிக்கவில்லை என்று தெரிந்ததும் அவருக்குக் கை மரத்துப்போயிற்றாம். "பிடிக்கல, பிடிக்கல" என்பதைத் தவிர ஒன்றும் ஓடவில்லையாம். அக்காதான் "மணல்ல விடுங்க" என்றாளாம். அது அவர் காதில் விழவே இல்லை. அவளே எட்டி ஸ்டியரிங்கைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்திருக்கிறாள். எப்போதோ ஒரு சனிக்கிழமை அண்ணாச்சி சொன்ன கதை அது. சாத்தான்குளம் போகிற வழியில் கட்டுமீறிய கார் தேரியில் இறங்கி, சோற்றுக்குள் கரண்டி நிற்பதுபோல நின்றதாம். அன்றைக்கு அத்தானும்தான் அந்தக் கதைக்குச் சிரித்தார். "நான் கேட்டுச் சிரிச்சேன், அவ கேட்டு வச்சிருந்தா" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

காரை அவர் விற்கவில்லை. டிரம்மைக் கழற்றிச் சுத்தம் செய்து மறுபடியும் ஓட்டினார். சனிக்கிழமைக் கூட்டமும் தொடர்ந்தது. அண்ணாச்சி அந்த ரயில் கேட் சங்கதியையும் ஒரு வேடிக்கைக் கதையாக எடுத்தபோது அத்தான், "அது வேண்டாம் அண்ணாச்சி" என்று ஒரே வார்த்தையில் நிறுத்திவிட்டார். அக்காவுக்கும் ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார். அவள் ஒரு நாளும் அதில் வந்து உட்காரவில்லை, ஜன்னலுக்குப் பின்னாலேயே இருந்தாள். ஆனால் அந்த நாளுக்குப் பிறகு அத்தான், எப்போதும் குரல் எழும்பாத மனுஷன், முற்றத்தில் சத்தமாகப் பேச ஆரம்பித்தார். அவள் காதில் ஒரு வார்த்தை தப்பிவிடக் கூடாது என்றுதான். அதை நான் மட்டும் கவனித்தேன்.

அன்று வயிற்றில் உதைத்தவன் இப்போது தலை நரைத்த ஆள். அக்காவும் இல்லை, அத்தானும் இல்லை. போன மாதம் அவன் புதுக் கார் வாங்கி, "சித்தி, வாங்க, நாசரேத் வரைக்கும் போய்ட்டு வருவோம்" என்று என்னை ஏற்றிக்கொண்டு போனான். வழி நெடுக அப்பாவைப் போலவே பேச்சு. மைலேஜாம், சர்வீஸாம், கூட்டாளிகளோடு கன்னியாகுமரி போனபோது இவன் வண்டியை ஒருவராலும் பிடிக்க முடியவில்லையாம். குரும்பூர் தாண்டி அந்த ரயில் கேட் சாத்தியிருந்தது. அந்தச் சரிவில் இறங்கும்போது எங்கிருந்தோ ஒரு வாடை வந்ததுபோல இருந்தது. மூக்கை உறிஞ்சிப் பார்த்தேன். காலைத் தரையில் அழுத்திக்கொண்டேன். கார் பொம்மைபோல அடங்கி, கேட்டுக்கு வெகு தூரத்திலேயே நின்றது.

"என்ன சித்தி, அம்மாவும் இப்படித்தான், கார்ல ஏறுனா மோந்து மோந்து பாப்பா. ஏன்னு கேட்டா சொல்லவே மாட்டா. உங்களுக்காவது தெரியுமா?" என்று சிரித்தான்.

தெரியும். சாகக் கிடக்கும்போது அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டது இது ஒன்றைத்தான். "அவங்கிட்ட சொல்லிராத பிள்ள. அவன் பயப்படாம ஓட்டட்டும்." தன் பயத்தில் ஒரு துளிகூட மகனுக்குக் கொடுக்காமல், முழுவதையும் என்னிடம் விட்டுப் போயிருக்கிறாள்.

ரயில் போனது. கேட் திறந்தது. அழுத்தியிருந்த காலை மெள்ளத் தளர்த்தினேன்.

"ஒண்ணுமில்லலே" என்றேன். "நீ ஓட்டு."