கழன்று கிடந்த வயர்

பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு பெரியவர் வீட்டில் மட்டும் இன்டர்நெட் அடிக்கடி கட்டாகிவிடும். புகார் செய்வது வெளிநாட்டில் இருக்கும் மகன். போய்ப் பார்ப்பது லைன்மேனான நான். கம்பத்திலிருந்து மோடம் வரை டெலிபோன் வயரை மாற்றியும் தீரவில்லை.

ஒல்லியான மனிதர், தனியாக இருந்தார். ஹாலில் மகன் மாட்டிய கேமரா. அங்கே கால் வைக்குமுன் சட்டைப் பொத்தான்களைக் கழுத்துவரை போட்டுக்கொள்வார்.

கடைசியாகப் போன அன்று அவர் சட்டை திறந்திருந்தது. மோடத்து வயர் கழன்று, பக்கத்தில் அழகாகச் சுருட்டி வைத்திருந்தது. எரிச்சலோடு அவரைப் பார்த்தேன்.

"நெட்டு இருந்தா பையன் கேமராவுலயே பாத்துக்கறான் தம்பி. கட்டானாத்தான் என்னன்னு கூப்புடறான்."

அப்போதே டெலிபோன் அடித்தது. "லைன்காரரு வந்துட்டாரு கண்ணு, பாத்துட்டிருக்கறாரு. நீ சாப்புட்டியா?" என்றபடி, மெதுவாகச் செய்யும்படி என்னிடம் கையைக் காட்டினார்.

வயரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்கு இன்னும் வீடுகள் பாக்கி. எவ்வளவு நேரம்தான் நிற்பது? செருகிவிட்டேன். சற்றுப் பொறுத்துக் கேமராவில் பச்சை விளக்கு எரிந்தது. மகன் போனை வைத்துவிட்டான்.

பெரியவர் ரிசீவரைக் காதிலிருந்து எடுக்கவில்லை. மற்றக் கை மட்டும் கழுத்துப் பொத்தானைத் தேடிக்கொண்டிருந்தது.