முன்கூட்டிச் சொன்ன ஸ்தோத்திரம்

எங்கள் சபையில் ஞாயிற்றுக்கிழமை பாட்டு முடிந்ததும் சாட்சி நேரம். கர்த்தர் செய்த நன்மையை அவரவர் எழுந்து சொல்ல வேண்டும். பெருநகர் என்கிற ஊரைத் தாண்டி வயலோரமாக இருக்கிற ஆஸ்பெஸ்டாஸ் கூரை ஜெபவீடு அது. மைக்குக்கு அங்கே வேலையே இல்லை, ஆனாலும் மைக் இல்லாமல் யாரும் சாட்சி சொல்ல மாட்டார்கள். ஒருவருக்குக் காய்ச்சல் விட்டிருக்கும், இன்னொருவருக்குக் காணாமல்போன ஆடு கிடைத்திருக்கும். கல்யாணமாகி ஆறு வருஷமாக எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. பிள்ளை இல்லை. செங்கல்பட்டில் பார்த்த டாக்டரம்மா, இரண்டு பேருக்கும் ஒரு குறையும் இல்லை என்று சொல்லிவிட்டார். குறை இருந்தால் மாத்திரையாவது போடலாம், குறையில்லாததற்கு என்ன போடுவது?

அந்தச் சமயத்தில்தான் பாஸ்டர் ஒரு பிரசங்கம் செய்தார். கிடைத்த பிறகு நன்றி சொல்ல யாராலும் முடியும், கிடைப்பதற்கு முன்பே சொல்வதுதான் விசுவாசம் என்றார். "கல்யாணத்துக்கு முன்னாடியே பந்தல் போடுறோமா இல்லியா?" என்று கேட்டார். போடுகிறோம்தான். எதையும் யோசித்துச் செய்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. எழுந்துபோய் மைக்கைப் பிடுங்கினேன்.

"எனக்குக் கொயந்த குடுக்கப்போற கர்த்தருக்கு இப்பவே ஸ்தோத்திரம்!"

சபை போட்ட அல்லேலூயாவில் கூரை அதிர்ந்தது. என் வீட்டுக்காரர் மட்டும் தலையைக் குனிந்துகொண்டார்.

நான் சொன்னதோடு விட்டுவிட்டேன். சபை விடவில்லை. முன்வரிசையில் உட்காருகிற அக்கா ஒருவர் இருக்கிறார். நடவுக்கு ஆள் கூட்டிப்போகிற மேஸ்திரி. சபையிலும் அவர்தான் மேஸ்திரி. மறுநாளே மடி நிறையப் பச்சை மாங்காயோடு வந்து நின்றார்.

"இன்னாக்கா இது? என் வயித்துலதான் ஒண்ணும் இல்லியே?"

"கண்ணுக்குத்தான் இல்ல. விசுவாசத்துல கீது. துன்னு."

தின்றேன். அடுத்த நாள் வந்து, வாந்தி வந்ததா என்று கேட்டார். எதற்கு வர வேண்டும் என்றேன். "வரும் வரும், அவசரப்படாத" என்று சமாதானம் சொன்னார். வாந்தி வரவில்லை, மாங்காய் தின்றதில் வயிறுதான் கலக்கியது.

டோலக் வாசிக்கிற தம்பி என்னை நாற்காலி தூக்க விடவில்லை. பாஸ்டரம்மா தன் பழைய புடவையைக் கொண்டுவந்து எங்கள் நடுவீட்டு உத்தரத்தில் தூளி கட்டிவிட்டுப் போனார். வீட்டுக்காரர் ஒரகடத்துக் கம்பெனியில் ஷிஃப்ட் முடித்து வந்து அதில் முட்டிக்கொள்வார். கடைசியில் டிபன் பையை அதிலேயே போட்டுவைத்தார். "வெயிட்டு தாங்குதான்னு பாக்குறேன்" என்றார்.

சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் எப்போது என்று தெரியவில்லை, நம்பவும் ஆரம்பித்துவிட்டேன். உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு கடையில் ஜாக்கெட் தைக்கிறேன். மீந்த துணியில் உள்ளங்கை அகலத்துக்குச் சட்டை தைத்துப் பையின் அடியில் வைத்துக்கொண்டேன்.

பத்து மாதம் முடிந்தது. அக்கா விரல் விட்டு எண்ணிப் பார்த்து, "நம்ம கணக்கு வேற, அவரு கணக்கு வேற" என்று மறுபடியும் முதல் மாதத்திலிருந்து ஆரம்பித்தார். மறுபடியும் மாங்காய்.

அதற்குப் பிறகு ஒரு மாதம் எனக்கு நிஜமாகவே நாள் தள்ளிப்போனது. வீட்டுக்காரரிடம்கூட வாய் திறக்கவில்லை. தையல் மிஷினைப் பயந்து பயந்து மிதித்தேன். ஒரு சனிக்கிழமை, கடையில் இருக்கும்போதே, வந்துவிட்டது. பெருநகர் வரும்வரை பஸ்ஸில் அழுதேன். கண்டக்டர் பாவம், என்ன செய்வதென்று தெரியாமல் விசிலை வாயில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்தபடி நின்றார்.

"இனிமே சபையும் வேணாம், ஒண்ணும் வேணாம்" என்றேன் வீட்டுக்காரரிடம். "யாருமே இல்லாத ஆகாசத்தப் பாத்துப் பேசிகினு கீறோம், லூசுங்க மாதிரி."

"சரி" என்றார். ஒரு மனுஷன் இதற்கும் சரி என்று சொல்வானா? எனக்கு வந்த ஆத்திரத்தில் தூளியை அவிழ்த்து எறிந்தேன்.

ஒரு மாதம் ஞாயிற்றுக்கிழமையானால் துணி துவைத்தேன். அழுக்கில்லாததையும் துவைத்தேன். அக்கா வந்து கதவைத் தட்டினால் திறக்கவில்லை. பிறகுதான் தோன்றியது, மைக்கில் சொன்னதை மைக்கில்தானே முடிக்க வேண்டும்? பஞ்சாயத்துத் தேர்தலில் மனு வாபஸ் வாங்குகிறவர்கள் நேரில் போய்த்தானே வாங்குகிறார்கள்? போனேன். வீட்டுக்காரரும் பின்னாலேயே வந்தார்.

"போன வருசம் நான் சொன்ன சாட்சிய வாபஸ் வாங்கிக்கிறேன்" என்றேன்.

"அல்லேலூயா!" என்றது சபை, பழக்க தோஷத்தில். டோலக் தம்பியும் ஒரு தட்டு தட்டிவிட்டு, பிறகுதான் விளங்கி, கையைப் பின்னால் மறைத்துக்கொண்டான்.

"கொயந்த வரல. எனக்கு அவர் மேல நம்பிக்கையும் இல்ல. மாங்கா எடுத்துகினு யாரும் எங்க வூட்டுக்கு வராதீங்க."

திட்டுவார்கள் என்று காத்திருந்தேன். அக்கா எழுந்து வந்து மைக்கை வாங்கினார். மேஸ்திரிக் குரலே இல்லை.

"எம் புள்ள குடிய வுட்டுட்டான்னு ரெண்டு வாட்டி சாட்சி சொல்லிகீறேன். வுடல. காலைல கூட நாஷ்டா தட்டத் தூக்கி அடிச்சான்" என்று சொல்லிவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துகொண்டார்.

பட்டா கிடைத்துவிட்டது என்று ஸ்தோத்திரம் சொன்னவர், இன்னும் கிடைக்கவில்லை என்றார். ஆடு கிடைத்தவரும் எழுந்து, அது தன் ஆடுதானா என்று தனக்கே சந்தேகமாக இருக்கிறது என்றார். சிரித்துவிட்டோம், நானும்தான். பாஸ்டர் முகத்தில் ஈயாடவில்லை. கையிலிருந்த பைபிளை மூடினார்.

"எனக்கு இன்னா சொல்றதுன்னே தெரியலம்மா. நீயே ஜெபம் பண்ணு."

ஜெபத்துக்கென்று எங்களிடம் ஒரு தமிழ் உண்டு, கிருபையும் மகிமையுமாக நீளமாகப் போகும். அன்றைக்கு என் வாயில் அது வரவில்லை. குழாயடித் தமிழ்தான் வந்தது.

"இன்னா நெனச்சிகினு கீற நீ? ஏழு வருசமா கேக்குறேன், காது கேக்கலியா? இல்லன்னா இல்லன்னாவது சொல்லித் தொல. நீ இல்லவே இல்லன்னு சொல்லிகினுதான் துணி தொவச்சேன். தொவைக்கசொல்ல பூரா உன்னத்தான் திட்டிகினு இருந்தேன். உன்ன வுட்டா நான் யாரைப் போய் திட்டுவேன்? குடுத்தாலும் வருவேன், குடுக்கலன்னாலும் வருவேன். ஆனா சும்மா மட்டும் இருக்க மாட்டேன்."

எப்படி முடிப்பதென்று தெரியாமல் நின்றேன். அக்கா ஆமென் என்றார். பிறகு எல்லோரும் சொன்னார்கள். எல்லாம் அடங்கிய பிறகு ஆண்கள் பக்கமிருந்து ஓர் ஆமென் தனியாக வந்தது. திரும்பிப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு தோள் குலுங்க அழுதுகொண்டிருந்தார். தனக்கும் ஒரு பிள்ளை வேண்டும் என்று இத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை.