குழந்தைப் படம் வேண்டாம் என்று டாக்டர் சொன்ன கார்டு

ஒரகடம் கூட்டுரோட்டுக்குப் பக்கத்தில், மாடியில் இருந்த அந்தப் பெண்கள் கிளினிக்கின் போர்டை நேற்றுக் காலை இறக்கிவிட்டார்கள். கீழே மருந்துக்கடை வைத்திருக்கும் செல்வம் அண்ணன் போனில் சொன்னார். வாசலில் நின்று பார்த்தாராம்.

போனை வைத்ததும், லேமினேஷன் மெஷின் சூட்டில் பிளாஸ்டிக் இளகும் அந்த வாசனை...

பத்திரிகை வேலைக்கு வருமுன் அதே தெருவில் ஒரு டிடிபி கடையில் விசிட்டிங் கார்டு டிசைன் செய்துகொண்டிருந்தேன். மகப்பேறு டாக்டர் கார்டு என்றால் ரோஸ் கலரில் பெயர், வலது பக்கம் கொழுகொழுவென்று ஒரு வெள்ளைக்காரக் குழந்தை. குன்றத்தூர் வரைக்கும் எல்லா கார்டிலும் அதே குழந்தைதான் சிரித்துக்கொண்டிருக்கும்.

கிளினிக் தொடங்கிய புதிதில் டாக்டர் என் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார்.

"குழந்தைப் படம் வேணாம்மா. மகப்பேறுன்னும் போடாத. பேரு, பொது மருத்துவம், டைம், போன் நம்பர்... போதும்."

அவரிடம் வந்தவர்களில் பாதிக்கு மேல் கம்பெனி ஹாஸ்டல் பெண்கள். ஷிப்ட் மாறி மாறிப் பார்த்ததில் மாதவிலக்கு தப்பி, பயந்துபோய் வருகிறவர்கள். ஹாஸ்டல் கேட்டில் வார்டன் பையைத் திறந்து பார்ப்பார் என்பது டாக்டருக்குத் தெரியும்.

தென்காசிப் பக்கத்துப் பெண் முத்துச்செல்வி, போன் தயாரிக்கும் கம்பெனியில் அசெம்பிளி லைனில் வேலை. ஜெராக்ஸ் எடுக்க வந்தவளிடம் டிசைனைக் காட்டினேன்.

"நல்லாருக்குக்கா. பையில கெடந்தாலும் ஒருத்தரும் ஒண்ணுஞ் சொல்ல மாட்டாவ."

பிரிண்டுக்குப் போகும் அன்று டாக்டரின் மாமனார் வந்தார். கட்டடம் அவருடையது.

"இன்னாம்மா இது, கொரியர் கம்பெனி கார்டு மாறி கீது? லேடி டாக்டர்னு எவனுக்குத் தெரியும்? பாப்பா படத்தப் போடு. மகப்பேறுன்னு பெருசா போடு."

"டாக்டர் வேணாம்னு சொன்னாங்க சார்."

"டாக்டரு என் மருமவ. சொல்லிக்கிறேன். நீ போடும்மா!"

என் கடை முதலாளி மவுஸைப் பிடுங்கி, தானே குழந்தையை ஒட்டினார்.

டாக்டர் பார்க்கும்போது கார்டு பெட்டி பெட்டியாக வந்திறங்கிவிட்டது. மாமனார் ஷேர் ஆட்டோ ஸ்டாண்டு வரைக்கும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார், மருமகளின் பெயரைப் பெருமையாகச் சொல்லிச் சொல்லி. கிளினிக்கில் டோக்கன் போடும் பெண்ணும் அடுத்து வரவேண்டிய தேதியை அதன் பின்பக்கத்தில்தான் எழுதிக் கொடுத்தாள்.

அப்படி ஒரு கார்டு முத்துச்செல்வியின் பையில் இருந்தது.

"எத்தன மாசம்டி?" ஹாஸ்டல் கேட் வரிசையில் எல்லார் முன்னாலும் கேட்டார் வார்டன். ஊரில் அப்பாவுக்குப் போன் போனது. என்கொயரி முடியும்வரை லைனுக்கு வர வேண்டாம் என்றார் சூப்பர்வைசர்.

முத்துச்செல்வியிடம் கேட்டுக்கொண்டு டாக்டரே ஹாஸ்டலுக்குப் போனார். "அந்தப் பொண்ணுக்கு ரத்தசோகைங்க. வேற ஒண்ணும் இல்ல."

"அப்போ இந்தக் கொழந்த எதுக்கு மேடம்?" என்று கார்டைத் திருப்பிக் காட்டினார் வார்டன்.

மறுநாள் முத்துச்செல்வி பெட்டியோடு கடைக்கு வந்தாள். சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனுக்கு ஆட்டோ வரும்வரை உட்கார்ந்திருந்தாள். டீ வாங்கிக் கொடுத்தேன், குடிக்கவில்லை.

"எங்கய்யாட்ட என்னன்னுக்கா சொல்லுவேன்?"

இப்போது யாரும் கார்டு கேட்பதில்லை. டாக்டர் நம்பர் வாட்ஸ்அப்பில் வருகிறது, போய்ப் பார்த்துவிட்டு அழித்துவிடுகிறார்கள். பையைத் திறந்த காலம் போய், போனை வாங்கிப் பார்க்கிற வார்டன்கள் வந்துவிட்டதாகக் கேள்வி. அதை இன்னும் உறுதி செய்யவில்லை.

மாமனார் இறந்தபின் கட்டடம் வேறு ஆளுக்கு வாடகைக்குப் போகிறது. டாக்டர் பொங்கலுக்குப் பிறகு வேறு இடத்தில் தொடங்குகிறார்.

இன்றுவரை எனக்குத் தெரியாமல் இருப்பது முத்துச்செல்வி மேல் போட்ட என்கொயரியின் முடிவு. அவள் ஊருக்குப் போகும்போது, திங்கட்கிழமை சொல்கிறோம் என்றார்கள் கம்பெனியில். அந்தத் திங்கட்கிழமை ஊரிலிருந்து எங்கள் கடைக்குப் போன் செய்தாள். கம்பெனியில் கேட்டதற்கு, அடுத்த திங்கட்கிழமை என்றார்களாம்.