கண்ணாடிக்கு வெளியே ஏழு நிமிடங்கள்

சரியாகக் காலை பத்து நாற்பதுக்குத் தொடங்கியது. போன ஆடி மாதம் ஒரு சனிக்கிழமை. திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்துக்கு அருகில், ஒரு நெட்வொர்க் பயிற்சி மையத்தின் இரண்டாவது மாடி.

என் மகளுக்கு இருபத்திரண்டு வயது. ஆறு மாதமாக ஸ்ரீரங்கத்திலிருந்து ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய்ப் படித்த படிப்பு. அன்று சென்னையிலிருந்து ஒரு கம்பெனி ஆள் எடுக்க வந்திருந்தது. பன்னிரண்டு பேருக்கு, பதினோரு மணிக்கு, லேபில் செய்முறைத் தேர்வு. நீங்க வர வேண்டாம்ப்பா என்று முந்தின நாளே சொல்லியிருந்தாள். நான் கேட்கவில்லை. தயிர்சாதம், தண்ணீர் பாட்டில், சான்றிதழ்களின் இரண்டு செட் நகல் என்று ஒரு பையைத் தூக்கிக்கொண்டு கூடவே போனேன். வெளியே உட்கார இடமில்லாததால், தேர்வு தொடங்கும்வரை பெற்றோரும் லேபுக்குள்ளேயே இருக்கலாம் என்றார்கள். அதுதான் வினை.

ஒவ்வொரு மேஜையிலும் இரண்டு ஸ்விட்ச் இருந்தன. விளக்குப் போடும் சுவிட்ச் இல்லை. கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று இணைக்கும் தட்டையான பெட்டி, முகப்பில் வரிசையாக ஓட்டைகள். எல்லா மேஜையிலிருந்தும் ஒரு கேபிள் முன்னாலிருக்கும் பெரிய ஸ்விட்சுக்குப் போகிறது. மகள் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட எழுந்து போனாள். அவள் மேஜையில் இரண்டு பெட்டியையும் ஏற்கெனவே ஒரு கேபிள் இணைத்திருந்தது. இன்னொரு நீலக் கேபிளின் ஒரு முனை முதல் பெட்டியில் இருந்தது, மறுமுனை தரையில் கிடந்தது.

நான் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருபத்தாறு வருடமாக இருப்பவன். எதுவும் பாதியில் தொங்கினால் எனக்குக் கை அரிக்கும். வீட்டிலும் இவள் இப்படித்தான், எடுத்ததை எடுத்த இடத்தில் வைப்பதில்லை என்ற எரிச்சலோடு குனிந்து அந்த முனையை எடுத்தேன். இரண்டாவது பெட்டியில் காலியாக இருந்த ஓட்டையில் செருகினேன். டக்கென்று உட்கார்ந்தது. உடனே விளக்குகள் எல்லாம் படபடவென்று மின்னின. நன்றாக வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு நிமிடத்தில் முன்னாலிருந்த பெரிய திரை உறைந்துபோயிற்று. கேள்வித்தாள் அதில்தான் வர வேண்டும். பன்னிரண்டு மேஜையிலும் எதுவும் நகரவில்லை. அலுவலகப் பெண் முதலில் கரண்ட் என்றார், பிறகு இன்டர்நெட் என்றார். இதையெல்லாம் அமைத்துக் கொடுத்த ஆசிரியர் காவிரிப் பாலத்து நெரிசலில் நிற்பதாகப் போன் வந்தது.

இங்கே நான் செய்ததைச் சொல்லவே கூசுகிறது. முதலில் குரல் உயர்த்தியவன் நான்தான். பிள்ளைகளின் வாழ்க்கையோடு விளையாடுகிறீர்களா, ஒரு ஒழுங்கு வேண்டாமா, எங்கள் தொழிற்சாலையில் இப்படி நடந்தால் அன்றைக்கே விளக்கம் கேட்டுவிடுவோம் என்று அந்தப் பெண்ணைப் பிடித்துக் காய்ச்சினேன். எல்லாவற்றையும் ஒருமுறை அணைத்துப் போடுங்கள் என்று அதட்டியதும் நானே. போட்டார்கள். ஒரு நிமிடம் சரியானது போலிருந்தது, மறுபடி உறைந்தது. பெற்றோரையெல்லாம் கண்ணாடிக் கதவுக்கு வெளியே அனுப்பினார்கள்.

உள்ளே மாணவர்களே தேட ஆரம்பித்தார்கள். என் மகள்தான் முன்னால் நின்றாள். பெரிய ஸ்விட்சிலிருந்து ஒவ்வொரு மேஜையின் கேபிளாகக் கழற்றிப் பார்த்தாள். எட்டாவதைக் கழற்றியதும் திரை உயிர்பெற்றது. எட்டாவது, அவளுடைய மேஜை. போய்ப் பார்த்தவள் நீலக் கேபிளைத் தொட்டபடி அப்படியே நின்றுவிட்டாள். கம்பெனியிலிருந்து வந்த அம்மாள் பக்கத்தில் வந்து ஏதோ கேட்பதும், இவள் இல்லை இல்லை என்று தலையாட்டுவதும், அவர் தாளில் எதையோ எழுதுவதும் கண்ணாடி வழியே தெரிந்தன.

எனக்கு அப்போதுதான் புரிந்தது. நான் செருகிய கேபிள் அது.

உடனே கதவைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. சற்றுமுன் அவ்வளவு பேர் எதிரில் கத்தியவன், எந்த முகத்தோடு உள்ளே போவது? தானாகச் சரியாகிவிடும் என்று நின்றேன். பக்கத்தில், சமயபுரத்திலிருந்து மகனை அழைத்து வந்திருந்த ஒரு அம்மா என்னிடமே சொன்னார்: "யாரோ ஒரு பொண்ணு எதையோ செருகிடுச்சாம் சார். ஒண்ணு செஞ்ச வேலைக்கு எல்லாப் பிள்ளைங்களும் தவிக்குதுங்க. அதுக்கு வாயத் திறந்து சொல்லக்கூடத் தெரியல பாருங்க." நான் ஆமாம் என்பதுபோல் தலையை ஆட்டினேன். அந்தத் தலையாட்டலை என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

ஏழு நிமிடம் கழித்து, மகள் தன் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். அதைப் பார்த்த பிறகுதான் உள்ளே ஓடினேன். நான்தான் செருகினேன் மேடம், அவளுக்கு எதுவும் தெரியாது என்றேன். கம்பெனி அம்மாள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

"சார், எனக்கும் ஒரு பொண்ணு இருக்கா. உங்க இடத்துல இருந்தா நானும் இதையேதான் சொல்லியிருப்பேன். இவங்க அடுத்த முறை வரட்டும். மத்த பதினோரு பேரும் ஆரம்பிக்கணும்."

உண்மையைச் சொல்லியும் யாரும் நம்பவில்லை. எந்த நேரத்தில் எது செருகப்பட்டது என்று அந்தப் பெட்டியே குறித்து வைத்திருக்குமாம். அணைத்துப் போட்டதில் அதுவும் அழிந்துவிட்டது. அணைக்கச் சொன்ன புத்திசாலியும் நான்தான்.

அப்போதுதான் அந்த ஆசிரியர் வந்து சேர்ந்தார். கையில் ஹெல்மெட், சட்டையெல்லாம் வியர்வை. நடந்ததைக் கேட்டவர் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார்: "எந்த ஓட்டையில செருகினீங்க, காட்டுங்க." கேபிளை எப்போதோ கழற்றிச் சுருட்டி வைத்திருந்தார்கள். நான் இரண்டாவது பெட்டியில், கீழ் வரிசைக் கடைசி ஓட்டையைத் தொட்டேன். அந்த அம்மாள் தன் தாளைப் பார்த்தார். அவர் குறித்திருந்த ஓட்டையும் அதுதான். கதவுக்கு வெளியிலிருந்து பார்த்தால் பெட்டிகளின் முதுகுதான் தெரியும், செருகிய இடம் தெரியாது.

"மேடம், இன்னிக்குப் பரீட்சையே லூப்பைக் கண்டுபிடிக்கறதுதான்," என்றார் ஆசிரியர். "மத்தவங்களுக்கு நாம போட்டுக் கொடுக்கணும். இந்தப் பொண்ணுக்கு அவங்கப்பாவே போட்டுக் கொடுத்துட்டார், அவளும் கண்டுபிடிச்சுட்டா. உட்கார விடுங்க." பிறகு என் பக்கம் திரும்பினார். "சார், கீழே டீக்கடை இருக்கு. அங்கேயும் எதையும் எடுத்துச் செருகிடாதீங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அந்த அம்மாளும்தான். மகள் தோளிலிருந்த பையைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

திரும்பி வரும்போது, பஸ் பாலத்தில் ஊர்ந்துகொண்டிருக்கையில் விளக்கினாள். இரண்டு பெட்டிக்கு நடுவில் இரண்டு வழி இருந்தால், உள்ளே போகும் செய்தி வெளியே வராமல் சுற்றிக்கொண்டே இருக்குமாம், சுற்றச் சுற்றப் பெருகுமாம். அதுதான் லூப்பாம். "தேர் அன்னிக்குச் சித்திரை வீதியில மாட்டின ஆட்டோ மாதிரிப்பா. ஒரு ஆட்டோ ரெண்டாகும், ரெண்டு நாலாகும்." ஒரு வழியைத் தானாக அடைத்துவைக்கும் ஏற்பாட்டுக்குத்தான் ஸ்பானிங் ட்ரீ என்று பெயர். தேர்வுக்காகவே அதை அணைத்து வைத்திருந்தார்கள். தேர்வுக்கு முன் ஒருமுறை பழகிப் பார்க்க, அதை முதலில் போட்டுவிட்டுப் பிறகு செருகுவதற்காகத்தான் அந்த முனையைக் கீழே விட்டிருந்தாளாம்.

ஏம்மா, என் மேல் கோபமில்லையா என்று கேட்டேன். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"கேபிளைப் பார்த்ததுமே உங்களைத்தான்பா திரும்பிப் பார்த்தேன். உங்க முகத்துலயே தெரிஞ்சுபோச்சு. நீங்க வந்து சொல்லுவீங்கன்னுதான் நின்னுட்டிருந்தேன்."

தேர்வு முடிவு இன்னும் வரவில்லை. இப்போதெல்லாம் வீட்டில் எது தவறிப்போனாலும், யார் என்று அவள் கேட்பதற்கு முன்பே நான்தான் என்று சொல்லிவிடுகிறேன். சில நாள், நான் செய்யாததற்கும்கூட.