தொட்டிக்கு ஊற்றிய தண்ணீர்

அந்தக் கோடையில் நான் ஓர் இடத்தில் உட்கார்ந்ததாக நினைவே இல்லை. வெயிலுக்குப் பயந்து அருப்புக்கோட்டையே கதவைச் சாத்திக்கொள்ளும் நேரத்தில், நான் அடுப்படிக்கும் கூடத்துக்குமாக ஓடிக்கொண்டிருப்பேன். காரணம், கூடத்துக் கண்ணாடித் தொட்டியில் இருந்த ஒரு பவளக்கல். உயிருள்ள கல்.

மாசியில் சித்தப்பாவைக் கட்டிக்கொண்டு வந்த சித்தியோடு வந்தது அது. சித்திக்கு மண்டபம் பக்கம். அவள் அப்பா கடற்கரையில் சங்கு, சிப்பி விற்கிறவர். கல் நல்ல பழுப்பு நிறம். பொழுது சாய்ந்ததும் அதன் மேலெல்லாம் பொடிப்பொடியாக வாய்கள் திறக்கும். முதல் ஆடிக்கு அவர் அழைக்க வரும்போது அதை உயிரோடு கொண்டுபோய்க் கடலில் விட்டுவிட வேண்டும் என்பது சித்தியின் வைராக்கியம். என்னுடையதும்தான்.

அதற்காக அவள் அப்பா பஸ்ஸில் கேன் கேனாகக் கடல் தண்ணீர் கொடுத்தனுப்புவார். "நம்ம ஊர்ல உப்புத்தண்ணிக்கா பஞ்சம்? பஸ்ஸுல வேற வருது!" என்று என் அப்பா சிரிப்பார். கிணற்றுத் தண்ணீரில் குளித்துத் தலைமுடி கொட்டுகிறது என்று சித்தி சொன்னபோதும் வீட்டில் அதே சிரிப்புதான். "கடக்கரையில பொறந்தவளுக்கு எங்க கெணத்துத் தண்ணி சேரலையாக்கும்" என்றாள் அம்மா.

கரண்டு போனால் காற்று மோட்டார் நின்றுவிடும். நானும் சித்தியும் மாற்றி மாற்றித் தொட்டித் தண்ணீரைத் தம்ளரில் மொண்டு உயரத் தூக்கி ஊற்றுவோம். கை கடுத்துப்போகும். வெயிலில் தண்ணீர் தினமும் ஒரு விரற்கடை குறையும். அதைச் சித்தி குடிதண்ணீர்ப் பானையிலிருந்து மொண்டு நிரப்புவாள்.

"கடல்ல பொறந்ததுக்கு எதுக்குச் சித்தி நல்ல தண்ணி?"

"தண்ணிதான்டி ஆவியாப் போகும், உப்பு போகாது. எது கொறஞ்சுச்சோ அதத்தான் குடுக்கணும்."

கேட்டுக்கொண்டேன். மண்டையில் ஏறவில்லை.

தெருக்குழாயில் ஐந்து நாளைக்கு ஒருமுறைதான் நல்ல தண்ணீர் வரும். பானை குறைவதை அம்மா கண்டுபிடித்துவிட்டாள். "மனுசருக்கே குடிக்க இல்ல, கல்லுக்கு நல்ல தண்ணியா?" என்று வீடு அதிரக் கத்தினாள்.  அதற்குப் பிறகு சித்தி, சாப்பிடும்போது தனக்கு வைத்த தண்ணீரைக் குடிக்காமல் தொட்டியில் ஊற்ற ஆரம்பித்தாள். அதைப் பார்த்து எனக்கு மனசு தாங்கவில்லை.

நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். மத்தியானம் சித்தி கண்ணயரும்போது கிணற்றுத் தண்ணீரை ஊற்றித் தொட்டியை நிரப்பினேன். கடலுக்குக் குறை வைக்கக் கூடாதென்று ஒரு கை கல்லுப்பும் போட்டேன். தொட்டி எப்படி நிறைந்தது என்று கேட்ட சித்தியிடம், "அம்மாதான் நல்ல தண்ணி ஊத்தச் சொல்லுச்சு" என்று புளுகினேன்.

"அக்காவா சொன்னாக?" என்று இரண்டு தடவை கேட்டாள் சித்தி. அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை அந்த வீட்டில் நான் பார்த்ததே இல்லை. விடுவேனா, தினமும் ஊற்றினேன்.

பத்தே நாளில் வாய்கள் திறக்காமல் போயின. சித்திக்கு இருப்புக்கொள்ளவில்லை. தொட்டிக்கு ஈரச் சாக்குப் போர்த்தினாள், இடத்தை மாற்றி வைத்தாள், ஒன்றும் சரிப்படவில்லை. நான் உப்பைக் கூட்டிப் போட்டேன். ஆடி பிறப்பதற்குள் கல் சுண்ணாம்பாய் வெளுத்துவிட்டது. வீட்டில் எல்லாருக்கும் அப்போதுதான் அது பிடித்தது. எனக்குப் பெருமை சொல்லி முடியாது. சித்தி மட்டும் தொட்டிப் பக்கமே வருவதில்லை.

அழைக்க வந்த அவள் அப்பாவிடம் அம்மா கல்லை எடுத்துக் காட்டினாள். "எங்க வீட்டுக்கு வந்து எப்பிடி வெளுத்திருக்கு பாருங்க! உங்க மகளுந்தான். வந்தப்பக் கருவலு, இப்ப எப்பிடி வெளுத்துட்டா!"

அவர் கல்லைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சித்தியின் முகத்தை வெகுநேரம் பார்த்தார்.

"எல்லாத் துணியும் எடுத்துக்க தாயி" என்றார்.

ஒரு மாசத்துக்கு எதற்கு எல்லாத் துணியும் என்று எனக்கு விளங்கவில்லை. ஆனாலும் ஓடி ஓடிக் கொடியில் கிடந்த சேலைகளை, ஒன்று விடாமல், நான்தான் எடுத்துவந்து கொடுத்தேன்.