பாதிப் பூசையில் ஓடியவள்

புதுநன்மை, அதாவது முதன்முதலாக நற்கருணை அப்பம், வாங்குவதற்காக வெள்ளைக் கவுனும் பூக்கிரீடமுமாகக் கோவிலுக்குப் போன பெண், பாதிப் பூசையில் தெருவில் இறங்கி ஓடிய கதை திருவொற்றியூரில் எங்கள் தெருவுக்கே தெரியும். அந்தப் பெண் நான்தான்.

தப்பு மறைக்கல்வி வகுப்பு சிஸ்டருடையது என்றுதான் இன்றும் சொல்வேன். காணிக்கை செலுத்த வரும்போது யாருக்காவது உன்மேல் மனத்தாங்கல் இருப்பது நினைவுக்கு வந்தால், காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் போய்ச் சமாதானமாகி வா என்று இயேசு சொன்னதை அவர் அத்தனை அழகாகச் சொல்லிக்கொடுத்திருந்தார். பரீட்சைக்கு ஒப்பித்தால் போதும் என்று மட்டும் சொல்லவில்லை.

அப்பா கடையிலிருந்து எடுத்துக் கொடுத்த ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு காணிக்கைப் பவனியில் நடக்கும்போது எனக்கு நினைவு வந்துவிட்டது. பக்கத்து வீட்டு அத்தை. தூத்துக்குடிப் பக்கமிருந்து பிழைக்க வந்த எங்களுக்கு இந்த ஊரில் முதல் உறவு அவர்தான். ஆடி மாதம் அம்மனுக்குப் படைத்த கூழை வழக்கம்போல ஒரு சொம்பில் கொடுத்தனுப்பினார். அதைச் சாப்பிட்டால் பாவம் என்று ஜெபக்கூட்டத்தில் யாரோ சொன்னதைக் கேட்டு, அம்மா அப்படியே திருப்பி அனுப்பினாள். சொம்பைக் கொண்டுபோய்க் கொடுத்தவள் நான். அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சே இல்லை.

பழத்தை வைத்துவிட்டுப் பக்கத்துக் கதவு வழியாக ஓடினேன். அத்தை துணி அலசிக்கொண்டிருந்தார். அவர் கோபத்தை விட்டால்தான் சாமி என் பழத்தை ஏற்றுக்கொள்வார், நன்மை கொடுப்பதற்குள் நான் திரும்பியாக வேண்டும் என்று மூச்சுவாங்கச் சொன்னேன்.

"உம்மேல எனக்கு இன்னா கண்ணு கோவம்? நீ கொயந்த."

ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, சரிந்திருந்த என் கிரீடத்தை நேராக்கி, கையைப் பிடித்துக் கோவிலுக்கே அழைத்துப் போனார். அந்தக் கையை இன்றும் நன்றியோடுதான் நினைத்துக்கொள்கிறேன்.

வாசலில் அம்மா என்னைக் காணாமல் அழாத குறையாக நின்றிருந்தாள். பிள்ளை பத்திரமாக இருக்கிறது, சீக்கிரம் உள்ளே கூட்டிப்போ என்று சொல்லிவிட்டு அத்தை வீட்டுக்குத் திரும்பிப் போகப் பார்த்தார். எனக்கு இரண்டு அடியாவது விழும் என்று நினைத்தேன். அம்மாவோ அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்களும் உள்ள வாங்க மைனி."

அத்தை கடைசி பெஞ்சில் உட்கார்ந்து நான் நன்மை வாங்குவதைப் பார்த்தார். எனக்குப் பின்னால் அம்மாவும் வரிசையில் வந்து வாங்கினாள். இடத்துக்குத் திரும்பி, முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். என் புதுநன்மையில் அவளுக்கு அவ்வளவு சந்தோஷம் என்று எனக்கு ஒரே பெருமை.

அந்த ஆடியிலிருந்து அன்றுவரை, எல்லோரும் நன்மை வாங்க எழுந்து போகும்போது அம்மா மட்டும் ஏன் பெஞ்சிலேயே இருந்துவிடுவாள் என்று நான் யோசித்ததே இல்லை.