நாலு பேர் பயந்து விற்ற கார்

எமில் ஸ்டகுரா அந்தக் காரை வாங்கியது தைரியத்தில் அல்ல. வேறு யாரும் வைத்துக்கொள்ளத் துணியாததால் அது மலிவாகக் கிடைத்தது.

அமெரிக்காவில், டெட்ராய்ட்டை அடுத்த ஃபிளின்ட் நகரில் கிரிக்ஸ் என்று ஒரு கார் வியாபாரி இருந்தார். கம்பெனியிலிருந்து வரும் புதுக் கார்களின் எஞ்சினைக் கழற்றிவிட்டு, பந்தயத்துக்கென்றே செய்த பூதம் ஒன்றை உள்ளே திணித்து விற்பார். அறுபத்தாறாம் வருஷம் அவர் அப்படி மாற்றியவை விரல் விட்டு எண்ணக்கூடியவை. அதில் ஒன்றுதான் எமிலின் கரும்பச்சைக் கார். முதலில் வாங்கியவன் ஒரு கோடைகூடத் தாங்கவில்லை. மழையில் வண்டி நடுரோட்டில் பம்பரமாய்ச் சுற்றியதும் சாவியை நீட்டிவிட்டான். அடுத்து ஒரு பல் வைத்தியர், அவருக்குப் பின் இன்னும் இரண்டு பேர். விற்கும்போது கல்யாணம் என்றார்கள், நிறுத்த இடமில்லை என்றார்கள். பயம் என்று ஒருவரும் சொல்லவில்லை.

எமில் டெட்ராய்ட்டில் கார்களுக்குக் கதவு மாட்டும் தொழிலாளி. காரை வீட்டுக்கு ஓட்டிவந்த அன்று, இறங்கியதுமே விற்றுவிடலாம் என்றுதான் நினைத்தார். ஆனால் தெருவே கூடிக் கைதட்டியது. அதுவரை அவர் பேரைக் கேட்டிராத ஃபோர்மேன்கூட மறுநாள் ‘பச்சைக் கார் எமில்’ என்று கூப்பிட்டார். அதற்குப் பிறகு எப்படி விற்பது? எப்போதாவது மனைவியோடு தெருமுனைவரை ஒரு சுற்று; மற்றபடி டிரெய்லரில் ஏற்றிக் கண்காட்சிக்குக் கொண்டுபோவார், துடைப்பார், பரிசோடு திரும்புவார். அதிகம் ஓட்டாததால் தேயவில்லை. தேயாததால் விலைமதிக்க முடியாததாகிவிட்டது.

பிரேக் குழாய்தான் அவரை உறுத்திக்கொண்டிருந்தது. ரிட்டயர் ஆனபிறகும் மாற்றவில்லை, காரணம் நண்பன் டெல்பர்ட்.

“தொட்டுடாதே எமில். அந்த ரப்பர்மேல ரெண்டு கோடு ஓடுதே, அது ஃபேக்டரி கோடு. புதுசு போட்டா கண்காட்சி நடுவர் குனிஞ்சு பார்ப்பான், ஒரிஜினல் இல்லைன்னு புள்ளியை வெட்டுவான்.”

“கிழட்டு ரப்பர்டா. நாலு சக்கரத்துக்கும் ஒரே எண்ணெய்க் கிண்ணம். ஒரு குழாய் பிஞ்சா நாலும் போச்சு.”

“டிரெய்லர்ல உக்கார்ந்திருக்கிற காருக்கு பிரேக் எதுக்குடா?”

ஆகஸ்டில் டெட்ராய்ட்டின் உட்வர்ட் சாலை முழுக்கப் பழைய கார்கள் ஊர்வலம் போகும். அந்த வருஷம் பழைய கார் கிளப்காரர்கள் விடவில்லை, பச்சைக் கார் ஓடியே ஆகவேண்டும் என்றார்கள். எமிலின் மனைவி பெர்னடெட், சாசேஜ் சாண்ட்விச்சுகளை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“என்ன எமில், கை இப்படி வேர்க்குது?”

“வெயில்.”

நடைபாதை நெடுக மடக்கு நாற்காலிகளில் வேடிக்கை பார்க்கும் கூட்டம். சிக்னலில் பக்கத்தில் புதுக் கார் ஒன்று உறுமியது. உள்ளே இருந்தவன் கண்ணாடியை இறக்கினான்.

“தாத்தா, அது ஓடுமா, இல்ல தள்ளணுமா?”

நாற்காலிக் கூட்டம் சிரித்தது. “மிதி! மிதி!” என்று கத்தியது. பச்சை விளக்கு விழுந்தது. இத்தனை வருஷமாகச் செய்யாததை எமில் அன்று செய்தார்: மிதித்தார்.

கார் முன்பக்கத்தைத் தூக்கிப் பாய்ந்தது. புதுக் கார் பின்பார்வைக் கண்ணாடியில் புள்ளியாகிவிட்டது. அடுத்த சிக்னலில் சிவப்பு. கடலை மிட்டாய் நிறச் சட்டைகளில் குழந்தைகள் கைகோத்துச் சாலையைக் கடந்துகொண்டிருந்தார்கள்.

எமில் பிரேக்கை அழுத்தினார். பெடல் எதிர்ப்பே இல்லாமல் தரைவரை போனது. மறுபடி அழுத்தினார், வெறும் காற்று. பார்க்கிங் பிரேக்கை மிதித்தார், பின்னால் முனகல் மட்டும் கேட்டது. கியரை இறக்கினார். எஞ்சின் அலறியது, வேகம் போதுமான அளவு குறையவில்லை. வலப்பக்கம் நாற்காலிகள். எதிரே ஒரு சிறுமி நின்று இவரையே பார்த்தாள்.

“எமில்!”

ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடித்தார். சாலை நடுவிலிருந்த புல்மேட்டில் கார் ஏறியது. அதன் அடிவயிறு கல்லில் உரசிக் கிழிந்தது. ஒரு கம்பம் சாய்ந்தது, ஒரு மரம் நிறுத்தியது.

எமில் திரும்பிப் பார்த்தார்; குழந்தைகள் அப்படியே கைகோத்து நின்றிருந்தார்கள். பின்னால் தன் பழைய காரில் வந்துகொண்டிருந்த டெல்பர்ட் ஓடிவந்து கார் மூக்கின் நெளிந்த கம்பிவலை முன் மண்டியிட்டான்.

“ஐயோ, ஒரிஜினல் கிரில்டா!”

“உள்ள ரெண்டு ஒரிஜினல் மனுஷங்க இருக்கோம், பாரு!” என்று கத்தினாள் பெர்னடெட். அவள் மடியெல்லாம் சாண்ட்விச்சிலிருந்து பிதுங்கிய கடுகுச் சாஸ்.

எமில் ஸ்டியரிங்கை விடவில்லை. “பெர்னி, எனக்கு இந்தக் காரைக் கண்டா பயம். வாங்கின நாள்லேர்ந்து.”

“தெரியும்யா.” அவள் தன் காலை நகர்த்தினாள். அவள் பக்கத்துத் தரைவிரிப்பில், பிரேக் இல்லாத இடத்தில், ஒரு பாத அளவுக்கு நூல் தேய்ந்து வெளுத்திருந்தது. “தெருமுனை வரைக்கும் கூட்டிட்டுப் போனாலும் நான் இங்க மிதிச்சிட்டேதான் வருவேன்.”

குளிர்காலம் முழுக்க வண்டி கொட்டகையில் கிடந்தது. எமில் புதுக் குழாய்களும், முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி எண்ணெய் அறை வைத்த பிரேக்கும் பொருத்தினார். கிரில்லை நெளிசலோடு மாட்டினார். ஒரு நாள் டெல்பர்ட் வந்து வெகுநேரம் வானிலை பற்றிப் பேசிவிட்டு, கிளம்பும்போது மெல்லக் கேட்டான்: “அந்தக் குழாய் எங்கடா வாங்கின?”

வசந்தத்தில் எமில் பெர்னடெட்டை உட்காரவைத்துத் தெருவைச் சுற்றிவந்தார். ஒவ்வொரு முனையிலும் கார் பசுபோல நின்றது.

“புது பிரேக்தான் போட்டாச்சே, காலை எடுக்கலாமே.”

“நீ ரோட்டைப் பாரு” என்றாள் அவள்.